தோர்வலீனோவின் வலது கால்

செரின்யாவுக்கு வந்து தோர்வலீனோ புருஸ்தோலின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘ரெண்டாவது தோர்வா’ வீடு என்று கேட்டால் வழியில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து முன்னால் நடக்கும். இருபத்திரண்டு வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டியவன். மூன்று முறை முதலாவதாக வந்தான், பத்தொன்பது முறை இரண்டாவதாக வந்தான். அந்த மூன்றை ஊர் மறந்துவிட்டது. பத்தொன்பதை மட்டும் அவன் மறக்காதபடி பார்த்துக்கொண்டது.

புருஸ்தோலின் வம்சத்தில் மூன்று கிளை. மலைமேல் இருந்தவர்கள் திராட்சை போட்டார்கள். ஆற்றங்கரையில் இருந்தவர்கள் பன்றி வளர்த்தார்கள். சாலையோரத்தில் இருந்தவர்கள் மற்ற இரண்டு கிளையும் விளைவித்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோர்வலீனோ சாலையோரக் கிளை. அவனுடைய அப்பா பியெரீனோ வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் கம்மி. அம்மா சனெல்லா குடும்பத்துப் பெண்; அந்தக் குடும்பத்து ஆட்களைச் சாவு வீட்டில்கூடப் பேசாமல் உட்கார வைக்க முடியாது. பிள்ளை இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் இருக்கும்வரை சனெல்லா. வாசலைத் தாண்டினால் புருஸ்தோலின்.

பியெரீனோவின் லாரி மதுப் பீப்பாய்களைச் சுமந்துகொண்டு மலையிலிருந்து இறங்கும். பிரேக் கொஞ்சம் மந்தம். ஆறு வயதிலிருந்தே தோர்வலீனோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவான். ஒவ்வொரு வளைவு வரும்போதும் அப்பா, “ம், மிதி” என்பார். வழி முழுக்க அவர் பேசுவது அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தகரத் தரையை ஓங்கி மிதிப்பான். லாரி வேகம் குறையும். ஒன்பது வயதுவரை லாரியை நிறுத்துவது தன் கால்தான் என்று நம்பியிருந்தான். இல்லை என்று சொன்னவன் சித்தப்பா மகன். அவனோடு தோர்வலீனோ இரண்டு கிறிஸ்துமஸ் பேசவில்லை. ஆனால் அந்தச் சேதியைக் காலுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.

பதினெட்டில் லாரி, இருபத்திமூன்றில் பந்தயக் கார். ஊருக்கு மேலே பாறையைச் சுற்றிப் போட்ட பந்தயச் சாலையில் முப்பது சுற்று. அவனுடைய மஞ்சள் வண்டிக்கு எண் இருபத்திரண்டு. கட்டியவன் மச்சினன் நேரி, தோர்வலீனோவின் மனைவி சுல்மீராவுக்கு நேரே இளையவன். நேரி கோழிக் கொட்டகையில் வைத்துக் கட்டிய என்ஜின் இருபத்தெட்டு சுற்று சிங்கம் மாதிரி ஓடும். பிறகு இருமும்.

“அத்தான், வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல,” என்பான் நேரி ஒவ்வொரு முறையும், கையைத் துடைத்துக்கொண்டே. “பந்தயத்தைத்தான் ரெண்டு சுத்து கூட வச்சுட்டானுங்க.”

இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் அத்தனை வருஷம் ஓட்டியவனுக்குப் பந்தயச் சாலையில் ஒரு நகம் பெயரவில்லை. நாற்பத்தைந்தாவது வயதில் மாமியார் வீட்டுப் பந்தலில் திராட்சை பறிக்க நாலு படி ஏணியில் ஏறினான், விழுந்தான், இடது முழங்கால் போயிற்று. கிளட்ச் மிதிக்கிற கால். இனிமேல் பந்தயம் இல்லை என்று வைத்தியர் சொன்னபோது மாமியார் அழுதாள். கூடை கவிழ்ந்து போனதற்கும் சேர்த்து அழுதாள் என்று சுல்மீரா இன்றைக்கும் சொல்வாள்.

மஞ்சள் வண்டியை ருதினெய் என்ற இளவட்டம் வாங்கிக்கொண்டு போனான். தோர்வலீனோ வீட்டில் உட்கார்ந்தான்.

வீடு என்றால் முன்பக்கம் சுல்மீராவின் சாப்பாட்டுக் கடை, சுட்ட கோழியும் சோளக் களியும், பின்பக்கம் சமையலறை. இடையில் ஒரு திரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையிலும் ஒரு டிவி ஓடும், சமையலறையிலும் ஒரு டிவி ஓடும். சமையலறை மேஜையில் தோர்வலீனோ, கையில் மாத்தே குடுக்கை (கசப்பு இலையில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவது), எதிரே பந்தயம். அங்கே அவன் சனெல்லா ஆகிவிடுவான்.

“பாரு, இவன் இப்ப உள்ள வரமாட்டான், அடுத்த சுத்துதான் வருவான். டயர் பின்னாடி தேஞ்சு போச்சு, ஆனா பிடிவாதக்காரன். இவங்க அப்பனும் இப்படித்தான். சிவப்பு வண்டிய பாரு சுல்மீரா, மூணாவது கியர்லயே வளைக்கிறான், நாலு விழல. ஐயோ பிரேக், பிரேக், மிதிடா!”

‘மிதிடா’ என்னும்போது அவன் வலது கால் மேஜைக்கு அடியில் ஓங்கி இறங்கும். சுல்மீரா தரையில் போட்டிருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சரியாக அந்த இடத்தில் ஒரு ஓட்டை. அவள் ஒட்டுப் போட்டாள். ஒட்டும் கிழிந்தது. மறுபடி ஒட்டுப் போட்டாள்.

“மனுசா, பந்தயத்துல நீ மிதிச்சதைவிட என் வீட்டுத் தரைய மிதிச்சதுதான் அதிகம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்குத் தொலைக்காட்சியில் விளையாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எலிசேயு கடைக்குச் சாப்பிட வந்தார். பருத்த மனிதர், கோழி என்றால் உயிர். முன்பக்க டிவியில் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே எலும்பைக் கடித்தவர் பாதியில் நிறுத்தினார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நடக்கப் போவதை முதலில் சொல்கிறது; பிறகுதான் அது டிவியில் நடக்கிறது.

“உள்ள என்னம்மா, வேற சேனலா? எங்களுக்கு முன்னாடியே காட்டுறான்?”

“சேனல் இல்ல சார், என் புருசன்,” என்றாள் சுல்மீரா.

எலிசேயு திரையை விலக்கினார். அந்நிய மனிதர் தலையைக் கண்டதும் தோர்வலீனோ வாயை மூடிக்கொண்டான். அந்த நிமிஷமே புருஸ்தோலின். எலிசேயு எட்டுக் கேள்வி கேட்டார். நாலு தலையாட்டலும் ஒரு ‘ம்’மும் கிடைத்தன.

ஆனாலும் அவர் விடவில்லை. அவரிடமிருந்த வர்ணனைக்காரர், அதாவது பந்தயம் தெரிந்து விளக்கம் சொல்கிறவர், பெரிய நகரத்துச் சேனலுக்குப் போய்விட்டார். மூன்று வாரத்தில் செரின்யாப் பந்தயம், பிறகு வருஷம் முழுக்க இன்னும் ஒன்பது.

“ஒரு பந்தயம் வந்து பேசிப் பாரு தோர்வலீனோ. நல்லா வந்தா பத்தும் உனக்குத்தான். வரலைன்னா இன்னிக்குச் சாப்ட்ட கோழிக்கு நன்றி சொல்லிட்டுப் போயிடுவேன்.”

அந்த நேரம் தோர்வலீனோவுக்கு இன்னொரு வேலை ஏற்கெனவே நிச்சயமாகி இருந்தது. சுல்மீராவின் ஞானத்தந்தை அர்ஜெமீரு, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் பம்பு விற்கிற கடைக்காரர், தன் கடையில் அவனுக்கு இடம் வைத்திருந்தார். சேர வேண்டிய நாள், பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. பச்சை மேலங்கிகூடத் தைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடை அது, ஏனென்றால் குடியானவர்கள் பூசை முடிந்துதான் ஊருக்குள் வருவார்கள். அங்கே சேர்ந்தால் இனிப் பந்தயத்தைக் காதால் கேட்பதோடு சரி.

“அங்க போனா நீ மூணே மாசத்துல உங்கப்பா ஆயிடுவ,” என்றாள் சுல்மீரா. “நான் கட்டிக்கிட்டது உங்கம்மா பக்கத்தை. டிவிக்குப் போய்ப் பேசிட்டு வா.”

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. சுல்மீரா களி கிண்டும் மரக் கரண்டியை மைக் மாதிரி அவன் முன் நீட்டுவாள். எதிரே உட்கார்ந்த நேரிதான் பார்வையாளர் கூட்டம். வீட்டுக்குள் என்பதால் தோர்வலீனோ அருவியாகக் கொட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர் உப்பு கேட்டு வந்தால் அருவி வற்றிவிடும். “உப்புக்காரர் ஒருத்தருக்கே இப்படின்னா, டிவி பாக்குற நாலு மாவட்டத்துக்கு என்ன செய்வீங்க அத்தான்?” என்று நேரி தலையில் கை வைத்தான்.

அந்த ஞாயிறும் வந்தது.

பந்தயச் சாலையின் கோபுரத்தில் அறுபத்தெட்டுப் படி ஏறினால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. மேஜையின் இடது முனையில் தோர்வலீனோ, கழுத்தில் கல்யாணத்துக்கு வாங்கிய டை. அவன் வலப்பக்கம் துலியோ வால்வெர்தி, சாவ் பாவ்லோவிலிருந்து அழைத்து வந்த அறிவிப்பாளர். வெண்ணெயில் பொரித்த குரல், தலையில் மாட்டிய மைக். பந்தயம் நடப்பதை நடக்க நடக்கச் சொல்வது அவர் வேலை, ஏன் நடந்தது என்று சொல்வது தோர்வலீனோ வேலை. துலியோவுக்கு வலப்பக்கம் பெரியவர் அதலீபா. முப்பது வருஷமாக அந்த அறையில் கடிகாரம் பிடித்து நேரம் குறிப்பவர். யாரும் ஒன்றும் கேட்டதில்லை, அவரும் ஒன்றும் சொன்னதில்லை. மூலையில் நேரி, வெந்நீர்க் குடுவையும் மாத்தே இலையும் வைத்துக்கொண்டு. டிவி ஆட்கள் அவனை விரட்டப் பார்த்தார்கள். “மாத்தே இல்லாம அத்தான் வாய் திறக்காது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

எலிசேயு கீழே ஒளிபரப்பு வண்டிக்குள். அவர் பேசுவது துலியோவின் காதுக்கு மட்டும் வரும். அந்தக் கம்பியும் துலியோவின் மைக் கம்பியும் ஒன்றாகப் பின்னி மேஜைக்கு அடியில் ஓடின. தோர்வலீனோவுக்குக் கொடுத்தது சாதாரணக் கை மைக், தனிக் கம்பி, பின்னால் சுவரில்.

கொடி அசைந்தது. முப்பது சுற்றில் முதல் பத்து சுற்று எப்படிப் போயிற்றென்று சொன்னால் இன்றைக்கும் சுல்மீரா முகத்தை மூடிக்கொள்வாள்.

“மஞ்சள் வண்டி இருபத்திரண்டு முன்னிலை வகிக்கிறது! ருதினெய் அபாரமாகச் செலுத்துகிறார்! இது நீங்களே பல்லாண்டு ஓட்டிய வண்டி அல்லவா, தோர்வலீனோ?”

“ஆமா.”

“அதைப் பற்றி நேயர்களுக்கு?”

“மஞ்சள் கலரு.”

கீழேயிருந்து எலிசேயு கத்தியது துலியோவின் காதைத் தாண்டி அறைக்கே கேட்டது: “அந்த ஆளு கோழிக் கடையில பேசினதெல்லாம் என் கனவாய்யா?”

துலியோ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயா, பேசினா மைக் கடிக்காது.”

நேரி இலையின் மேல் வெந்நீரை ஊற்றி, குடுக்கையை அத்தான் கையில் வைத்தான். தோர்வலீனோ குழலை உறிஞ்சினான். சூடு இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வண்டி கடந்து போனது; அதன் சத்தத்தில் ஏதோ ஒன்று அவன் காதில் பட்டது. குனிந்து பார்த்தான். குடுக்கை, வெந்நீர், மேஜை, முன்னால் பந்தயம். கண்ணை மூடினால் வீட்டுச் சமையலறைதான்.

“மூணாவது கியர் வெளிய துப்புது,” என்றான்.

“என்ன சொன்னீங்க?”

“மஞ்சள் வண்டிதான். மூணாவது கியர் நிக்கல. அவன் வலது கையால கியர் கம்பியப் பிடிச்சுக்கிட்டு இடது கையால மட்டும் திருப்புறான். நேரா போறப்ப சரி. பந்தல் வளைவுல ரெண்டு கையும் வேணும். இன்னும் எத்தனை சுத்து தாங்குவான்னு பாக்கலாம்.”

பந்தல் வளைவு என்பது திராட்சைப் பந்தலை ஒட்டிக் கீழிறங்கித் திரும்பும் கடைசி வளைவு. துலியோ வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு மரியாதையாக ஒரு கேள்வி, அடுத்து ஒரு கேள்வி. தோர்வலீனோ சனெல்லா ஆகிக்கொண்டே வந்தான். பதினைந்தாவது சுற்றில் டையைக் கழற்றினான். பதினெட்டாவது சுற்றில் நாலு ஓட்டுநர்களின் தகப்பன்மாரைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தான். கீழே வண்டிக்குள் எலிசேயு கையைத் தட்டினார் என்று பிற்பாடு கேள்வி.

பத்தொன்பதாவது சுற்று. இரண்டாவதாக வந்த நீல வண்டி, க்ளேசியோ ஓட்டியது, பந்தல் வளைவுக்குள் மிதமிஞ்சிய வேகத்தில் இறங்கியது.

“ஐயோ, இவன் பிரேக் பிடிக்கலையே! மிதி! மிதிடா!”

வலது கால் இறங்கியது. ஆறு வயதில் லாரியை நிறுத்திய கால், விரிப்பைக் கிழித்த கால். மேஜைக்கு அடியில் ‘டப்’ என்றொரு சத்தம். நீல வண்டி எப்படியோ தப்பித்து வளைந்துவிட்டது. துலியோவின் குரல் தப்பவில்லை. உதடு அசைந்தது, வீட்டு டிவிகளில் சத்தம் இல்லை. எலிசேயு கத்துவதும் நின்றது, ஏனென்றால் அந்தக் கம்பியும் சேர்த்தே பிய்ந்திருந்தது.

துலியோ தலை மைக்கைத் தட்டினார், ஊதினார். பிறகு தோர்வலீனோவைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார்.

அறையில் இருப்பது இப்போது ஒரே மைக். ஒரே குடுக்கை இருக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டுமென்று செரின்யாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தன் முறை முடிந்ததும் வலப்பக்கம் கொடுக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொண்டு கதையளப்பவனை ஊரே கேலி செய்யும். தோர்வலீனோ தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, மைக்கை வலப்பக்கம் நீட்டினான்.

துலியோ வாங்கிக்கொண்டார். நல்ல வளர்ப்பு, டிவிக்காரர்.

“நன்றி, தோர்வலீனோ!” என்றார்.

மூலையில் நேரி நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் அதலீபாவும் பார்த்தார். குடுக்கை சுற்றி வரும்போது ஒருவர் நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று பொருள். துலியோ ஒரு சுற்று வர்ணித்தார். மூச்சு வாங்குகையில் அதலீபா அமைதியாக அவர் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் காத்திருந்த மனிதர்.

“மஞ்சள் வண்டி சுத்துக்கு அரை செகண்டு இழக்குது. நீலம் இழக்கல. கணக்குப் போட்டுக்குங்க,” என்றார். அவ்வளவுதான். நேரியிடம் நீட்டினார்.

நேரி மைக்கை வாங்கி, ஊதிப் பார்த்து, நாலு மாவட்டத்துக்கும் சொன்னான்: “அந்த கியர் பெட்டிய கட்டுனது நான்தான். பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. ருதினெய் அது மேல கைய வச்சுக்கிட்டே ஓட்டுறான், பொண்டாட்டி தோள்னு நெனச்சுக்கிட்டான் போல. எங்கத்தான் இருபத்திரண்டு வருசம் ஓட்டுச்சு, ஒரு நாள் அதைத் துப்ப விட்டதில்ல. ரெண்டாவதுதான் வந்துச்சு, ஆனா கியர் துப்பல.”

மைக் தோர்வலீனோவிடம் வந்தது. அவன் பேசிவிட்டு, துலியோவின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, அவரைத் தாண்டி, அதலீபாவிடம் கொடுத்தான்.

துலியோ திகைத்தார். “எனக்கு?”

“நீங்கதான் நன்றி சொல்லிட்டீங்களே தம்பி,” என்றார் அதலீபா, மைக்குக்குள்ளேயே.

மலையெங்கும் வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியூர்க்காரரான துலியோவுக்கு மட்டும் விளங்கவில்லை. “நான் மரியாதைக்குச் சொன்னேன்யா!” என்று அவர் கதறியது மைக்கில் தூரத்துக் குரலாகக் கேட்டது.

“மரியாதைக்குத்தான் நாங்களும் கொடுக்கல,” என்றான் நேரி.

இருபத்தேழாவது சுற்றில் எலிசேயு படி ஏறத் தொடங்கினார். கம்பி வழியாகக் கத்தி முடியாததால் நேரே வந்து கத்தலாம் என்று. அறுபத்தெட்டுப் படி, அன்று மதியம் சாப்பிட்டது ஒரு முழுக் கோழி. கதவைத் திறந்தபோது இருபத்தொன்பதாவது சுற்று முடிந்துகொண்டிருந்தது. பேச மூச்சில்லை. விரலை மட்டும் தோர்வலீனோவை நோக்கி ஆட்டினார்.

 பச்சை மேலங்கி தோர்வலீனோவின் கண் முன்னால் வந்து நின்றது. கடைசி வாய்ப்பும் போயிற்று, போகிறது போகட்டும், பந்தயத்தையாவது முடிப்போம் என்று நினைத்துக்கொண்டு மைக்கில் சொன்னான்:

“நேயர்களே, மஞ்சளை விடுங்க, நீலத்தைப் பாருங்க. க்ளேசியோ இப்ப அவசரப்படாம வர்றான், புத்தி வந்திருச்சு. ருதினெய் இருபது சுத்தா ஒத்தைக் கையில ஓட்டிக் களைச்சுட்டான். பந்தல் வளைவுல கியர் கம்பிய விட்டுட்டு ரெண்டு கையும் போடுவான். விட்ட உடனே கியர் துப்பும். வண்டி வெளிய போகும். உள்பக்கம் கதவு தொறக்கும். நீலம் அதுல நுழையும்.”

சொல்லிவிட்டு, புதிதாக வந்தவருக்குத்தான் அடுத்தது என்ற முறைப்படி, மைக்கை எலிசேயுவிடம் நீட்டினான்.

எலிசேயு அதை அணைப்பதற்காகத்தான் வாங்கினார். பொத்தானைத் தேடினார். அதற்குள் இரண்டு வண்டியும் பந்தல் வளைவுக்கு வந்துவிட்டன. அவர் கண் கண்ணாடிக்குப் போனது. மஞ்சள் வண்டி ஒரு கணம் குலுங்கியது, வெளியே நழுவியது.

“துப்பிருச்சு!” என்று அலறினார் எலிசேயு, நாலு மாவட்டத்துக்கும். “ஐயய்யோ, சொன்ன மாதிரியே துப்பிருச்சு! போடா நீலம், உள்ள போ! போயிட்டான்! போயிட்டான்டா!”

நீல வண்டி முதலில் வந்தது. மஞ்சள் இரண்டாவது.

“வண்டிக்குப் பழக்கம்,” என்றான் நேரி.

 எலிசேயு கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், மேஜைக்கு அடியில் குனிந்து பிய்ந்த கம்பியைப் பார்த்தார், தோர்வலீனோவின் செருப்பைப் பார்த்தார். “நாளைக்குச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முகம் தக்காளி மாதிரி இருந்தது. கோபமா படியா என்று தெரியவில்லை.

வீட்டில் சுல்மீரா களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“உதைச்சியா?”

“மிதிச்சேன்.”

“அதான பாத்தேன். துலியோ ஊமையானதும் அந்தச் சேதி எனக்கு வந்துருச்சு.” அடுப்பை அணைத்தாள். “ஆனா நல்லா பேசின. உங்கம்மா இருந்திருந்தா குறுக்க பேசியிருப்பா.”

திங்கட்கிழமை காலையில் தோர்வலீனோ பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு பம்புக் கடையில் நின்றான். மேலங்கி கைக்கு நீளம். அர்ஜெமீரு ஒரு பம்பைத் தூக்கி அவன் முதுகில் மாட்டிவிட்டு, எந்தப் பிடியை அழுத்தினால் மருந்து வரும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் எலிசேயுவின் வண்டி நின்றது.

தோர்வலீனோ முதுகில் பம்போடு அப்படியே நின்றான்.

“நேத்து சாயங்காலத்திலிருந்து போன் வச்ச பாடில்ல,” என்றார் எலிசேயு. “துலியோவைத் தாண்டி மைக் போச்சே, அதை மறுபடி போடுங்கறான். கடிகாரப் பெரியவர் யாரு, கல்யாணம் ஆயிடுச்சான்னு ரெண்டு விதவைங்க கேட்டாங்க. அந்தக் கத்தினவன் யாரு, அவன் வேணாம், மத்தவங்க எல்லாரும் வேணும்னு முதலாளி சொல்றாரு. கத்தினவன் நான்தான்னு நான் இன்னும் சொல்லல.”

அர்ஜெமீரு சிரித்தார். தோர்வலீனோ சிரிக்கவில்லை.

“மீதி ஒன்பது பந்தயமும் உனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இனி உதைக்கக் கூடாது.”

கடையில் ஆள் நிறைய. வாசலைத் தாண்டிய இடம். அந்நியர் முன்னால். புருஸ்தோலின் ஆகியிருந்தால் ஒரு ‘ம்’ சொல்லி வேலையை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ‘ம்’ பொய்யாக இருந்திருக்கும்.

“சார், அது முடியாது,” என்றான். “வாய்க்கும் அந்தக் காலுக்கும் ஒரே கம்பி. கால நிறுத்தினா வாயும் நின்னுரும். முதல் பத்து சுத்து பாத்தீங்களே, அப்பக் காலக் கட்டித்தான் வச்சிருந்தேன். கால் வேணாம்னா வேற ஆளப் பாருங்க. எனக்கு இங்க பம்பு இருக்கு.”

அவன் அதுவரை வீட்டுக்கு வெளியே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அர்ஜெமீரு அதைக் கேட்டு, அவன் முதுகிலிருந்து பம்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார். பிறகு மேலங்கியையும் கேட்டார். “தையக்காரிகிட்டச் சொல்லி எனக்குச் சுருக்கிக்கறேன். நீ போ.”

எலிசேயு தலையைச் சொறிந்தார். காலை வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. வழி சொன்னவன் நேரி. அன்று மாலையே கோழிக் கொட்டகையில் தேடி, மஞ்சள் வண்டியிலிருந்து என்றைக்கோ கழற்றிப் போட்ட பழைய பிரேக் மிதியை எடுத்தான். கோபுர அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மேஜைக்கு அடியில் இரும்புத் தகட்டில் வைத்துப் பற்றவைத்தான். எதனோடும் இணைப்பில்லை. கம்பிகளை எல்லாம் சுவரோரம் தள்ளி ஆணி அடித்தான். வேறு ஊர்ப் பந்தயம் என்றால் மிதியைத் தகட்டோடு கழற்றி எடுத்துப் போவார்கள். ஒளிபரப்பு வண்டியில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது.

அதன்பின் பத்தொன்பது வருஷம் தோர்வலீனோ அந்த மிதியை மிதித்தான். மைக் துலியோவுக்கும் அவனுக்கும் நடுவே மாறி மாறிப் போனது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் அதலீபாவிடம் ஒரு வாக்கியம் கேட்பார்கள், அவர் ஒரு வாக்கியம்தான் சொல்வார். அந்த இரண்டு விதவைகளில் ஒருத்தியை அவர் கட்டிக்கொண்டார். அவள் கார்போனெரா ஊர்ப் பெண், நேரியின் பெரியம்மாவுக்கு நாத்தனார் முறை. சுல்மீரா புது விரிப்பு வாங்கிப் போட்டாள். வருஷக்கணக்கில் அது கிழியவில்லை. ஊரில் இன்றைக்கும் அவன் பெயர் ரெண்டாவது தோர்வாதான். மைக்கிலும் துலியோவுக்கு அடுத்து ரெண்டாவதாகத்தானே பேசுகிறான் என்பார்கள்.

துலியோ அதற்கப்புறம் அந்த அறையில் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவார். கார் ஓட்டத் தெரியாதவர், லைசென்ஸ்கூட எடுத்ததில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் பந்தயப் பருவம் தொடங்கும் முன்னால் ஒரு நாள் நேரியின் கொட்டகைக்கு வந்து, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நேரி, அந்த மாதிரி மிதி இன்னொண்ணு இருக்கா? என் பக்கத்துக்கு?”